ஒன்பது நாள் இருமல்

வீட்டுச் சுவர்கள் பதிந்து அனுப்பும் இருமல்களைக் கேட்டுத் தூசி, புகை, நோய் என்று பிரிப்பதுதான் மரியபுஷ்பத்தின் வேலை. நோய் என்றால் டாக்டர் அந்த வீட்டைத் தேடிப் போவார். ‘சந்தேகம்’ என்று போட்டால் மறுநாளும் அதே வீட்டு இருமல் அவளிடமே வரும்.

ஆறு வருஷமாகத் தன்னோடு பேசாத மகன் ரீகனின் இருமலை அவள் ஒன்பது நாளாக அப்படித்தான் வரவழைத்துக்கொண்டிருந்தாள். விலாசம் அவளுக்குத் தெரியாது; இருமலை வைத்தே அவன்தான் என்று கண்டுகொண்டாள்.

இன்று இருமலுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

“சும்மா கெட. தூசிதான்.”

தூசியில்லை என்று மரியபுஷ்பத்துக்கு முதல் நாளே தெரியும். அவன் அப்பா கடைசியாக இருமியதும் இப்படித்தான்.

இன்னொரு முறை கேட்டுவிட்டு, ‘நோய்’ என்று போட்டாள். நாளைக்கு அவளுக்கு வேறு யாருடைய இருமலோ வரும்.