கல்யாணசுந்தரியின் கைநாட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர்: தென்காசி வங்கிக் கிளைக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் லட்சுமிநாராயணன், கடன் பிரிவு எழுத்தர் நல்லக்கண்ணு, இலத்தூர் அரசுப் பள்ளி ஆசிரியை கல்யாணசுந்தரி, அவளுக்குத் துணையாக வந்த கணவன் நம்பிராஜன்.

துணையாக வந்தவன்தான் முதலில் மேசையைத் தட்டினான்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல ஜீப்பக் கொண்டுபோயி நிறுத்தி, 'மாட்டுக் கடனக் கட்டு'ன்னு ஒரு டீச்சரப் பாத்துச் சத்தம் போட்டிருக்கீயளே, ஒங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி கெடையாதா?"

"சத்தம் போட்டது தப்புதான்," என்றார் மேலாளர். "ஆனா கடன் டீச்சர் பேர்லதான் இருக்கு. போன வருஷத்துக் கடன் மேளாவிலே கறவை மாட்டுக்காக வாங்கியிருக்கு. ஒரு தவணைகூட வரலை."

"நான் வாங்கல சார்," என்றாள் கல்யாணசுந்தரி. "என்னை ஒருத்தரும் கேக்கவும் இல்ல. ஏழைகளுக்குன்னு வச்ச மானியக் கடனை அரசாங்கச் சம்பளம் வாங்குதவ பொய் சொல்லி வாங்கினா, வேலை போயிரும். சாயங்காலத்துக்குள்ள விளக்கம் குடுக்கலைன்னா மேல எழுதிருவேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு."

நல்லக்கண்ணு விண்ணப்பத்தைத் திருப்பி அவள் முன் வைத்தார். அவளுடைய பெயர், அவளுடைய முகவரி. தொழில் என்ற இடத்தில் 'கூலி'. அதற்குக் கீழே மை அப்பிய ஒரு பெருவிரல் ரேகை.

அதுவரை அடக்கமாக இருந்த அவள் குரல், வெளியே வரிசையில் நின்றவர்களைத் திரும்ப வைத்தது.

"கைநாட்டா? இலத்தூர்ல பாதிப் பேருக்குக் கையைப் பிடிச்சு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தவ நான். எனக்குக் கைநாட்டா? கேக்காம எம்பேர்ல கடன் போட்டீங்க. கேக்காம என்னைத் தற்குறியாவும் ஆக்கிட்டீங்களே, அதுக்கு யாரு பதில் சொல்லுதது?"

"மேளாக் கூட்டம் அப்படி, டீச்சர்," என்று நல்லக்கண்ணு தலையைச் சொறிந்தார். "மேடையில மந்திரி காத்துக்கிட்டு இருக்காரு. பந்தல் முழுக்க ஆளு. நீட்டின விரலையெல்லாம் உருட்டி வாங்கினோம். யாரு மூஞ்சிய யாரு பாத்தா?"

"பாக்கணும்லா? அதுக்குத்தானவே சம்பளம்?" என்று துள்ளினான் நம்பிராஜன்.

கல்யாணசுந்தரிக்கு மனம் நெகிழ்ந்தது. சம்பள நாளைத் தவிர வேறு நாளில் பள்ளிப் பக்கம் எட்டிப் பாராத மனிதர், இன்று தனக்காக இப்படிப் பொங்குகிறாரே! இவரைப் பற்றி நாம்தான் குறைவாக நினைத்துவிட்டோமோ என்று கூச்சமாகவும் இருந்தது.

"விடாத, சுந்தரி. எழுதிக் குடு புகாரு. போலீசு வரட்டும். எவன் செஞ்சான்னு ஊருக்குத் தெரியட்டும்."

"குடுக்கத்தான் போறேன்," என்றாள் அவள். நல்லக்கண்ணு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

மேலாளர் நெளிந்தார். "போலீஸ்னா கிளைக்கும் கெட்ட பேரு. வட்டியை வேணும்னா தள்ளுபடி பண்ணப் பாக்கறேன். டீச்சர் அசலை மட்டும் கட்டிட்டா..."

"அசலா!" நம்பிராஜன் எழுந்தே நின்றுவிட்டான். "நல்லாருக்குய்யா ஒங்க நியாயம்! செத்துப்போன எருமைக்கு எவனாவது தவணை கட்டுவானா?"

நல்லக்கண்ணு விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்; அதில் 'கறவை மாடு' என்றுதான் இருந்தது.

"எருமையா?" என்றார் மேலாளர் மெல்ல. "அது செத்தும் போயிடுத்தா? எங்களுக்கே தெரியாதே!"

நம்பிராஜன் உட்கார்ந்தான்.

"அது வந்து... வடகரையில ஒரு சேக்காளி தோப்புல கட்டிப்போட்டு, சீசனுக்குக் குத்தாலத்து லாட்ஜுகளுக்குப் பால் ஊத்தலாம்னு நெனச்சேன். நோவு வந்து செத்துட்டு."

கல்யாணசுந்தரி அவனை நேராகப் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கைநாட்டு எதுக்கு?"

"ஒன் கையெழுத்து எனக்கு வரலையேட்டி. எழுதி எழுதிப் பாத்தேன். பொறவுதான் தோப்பு வேலைக்காரியக் கூட்டிட்டுப் போயி..." அவன் சிரிக்க முயன்றான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள கேக்கணுமா என்ன? கேட்டா நீ ஒத்துக்கிடவா போற?"

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டீச்சர், புகார் கொடுக்கறதாச் சொன்னேளே. யார் பேர்லே? பேரைச் சொல்லுங்கோ, நல்லக்கண்ணு எழுதிப்பார்."

அவள் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தில்தான் நம்பிராஜனுக்குத் தைரியம் திரும்பியது. காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

"அவ சொல்ல மாட்டா சார். கல்யாணமான நாள்லேருந்து எம்பேரு அவ வாயில வந்ததே இல்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவா. எங்க பக்கத்துப் பொம்பளைங்க மரியாதை தெரிஞ்சவளுவ. நீங்க அந்தத் தாள உள்ள வைங்க."

நல்லக்கண்ணு தாளை எடுக்கக் கை நீட்டினார். கல்யாணசுந்தரி முந்திக்கொண்டாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, முத்து முத்தாக எழுதினாள்:

'என்னைக் கேளாமல் என் பெயரில் கடன் வாங்கியவர், சொரிமுத்து மகன் நம்பிராஜன். என் கணவர்.'

அடியில் கையெழுத்திட்டாள். தாளை மேலாளரிடம் நீட்டினாள். பிறகு, கணவன் பெயரை வாயால் சொல்லாத மரியாதைக்கு ஒரு குறையும் வராமல், ஒரு சொல்லும் பேசாமல் வெளியே நடந்தாள்.