எழுந்து போகும் விருந்தாளி

டீ போடுவதற்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஓர் அலமாரி நிறைய.

பாதிக்கு மேல் பளபளவென்ற தாளில் சுற்றி ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே சரக்கு இருந்தால் எதற்கு மூட வேண்டும்? கத்தரிக்காய்க்காரன்கூட அமுக்கிப் பார்க்க விடுகிறான்.

கடை ரயில் நிலையம் மாதிரி இருந்தது. வாசலில் காவல்காரன் என் பையை வாங்கி வைத்துக்கொண்டான். திருடுகிறவன் திருடப் புத்தகக் கடைக்கா வருவான்?

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடையைப் பூட்டிவிடுவார்கள். சுற்றாமல் கிடந்த ஒன்றை எடுத்துப் படம் பார்த்தேன். தட்டு, தட்டின் மேல் துணி, துணியின் மேல் பூ. பூவுக்குப் பக்கத்தில் கொசுறு மாதிரி ஒரு கோப்பை.

கடைப் பெண் வந்தாள்.

"என்ன தாத்தா தேடுறீங்க?"

இது எந்த வழியில் பேத்தி என்று வாய்வரை வந்தது. காரியம் ஆக வேண்டும், விழுங்கிக்கொண்டேன்.

"டீ போட எனக்குத் தெரியும். வந்தவங்களை எப்படி உக்கார வைக்கிறதுன்னு எதுலயாவது போட்டிருக்கா, பாரு."

சாயங்காலமானால் வீட்டில் இதுதான் வம்பு. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி திடீரென்று எழுந்து கிளம்பிவிடுவார். என் மகள் வேலை முடிந்து வரும்வரை பிடித்து வைக்க வேண்டும். கதவைச் சாத்தினால் மரியாதை தெரியாத வீடு என்று கோபம். போன வாரம் பால் பொங்குகிறதென்று உள்ளே போனேன். வெளியே வந்தால் ஆளைக் காணோம். பெரிய சாலையில், லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

கடைப் பெண் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் படித்தாள். "விருந்தினர் வருமுன்பே மேசையைத் தயார் செய்யவும்..."

"அடுத்தது."

"கோப்பையின் பிடி வலது பக்கம் இருக்குமாறு..."

"பிடி எந்தப் பக்கம் இருந்தா என்னம்மா. குடிக்க ஆள் இருக்கணுமே."

சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான் போலிருக்கிறது. ஆனாலும் சொல்ல முடியாது, விற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

"எத்தனை பேரு வருவாங்க?"

"ஒருத்தர்தான்."

"ஒருத்தருக்கா இவ்வளவு பாடு! பேசாம பாட்டிகிட்டயே கேளுங்க. அவங்க பார்க்காத விருந்தாளியா?"

எனக்குப் பின்னால் இருந்த நாற்காலியைக் காட்டினாள். கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்து, அந்நிய ஆளிடம் பேசுகிற அளவு சிரித்தாள்.

"நேரமாச்சுங்க. எங்க வீட்டுல தேடுவாங்க."

கடைப் பெண் என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி, இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து 'ஏய்', 'இந்தா' என்றே கூப்பிட்ட வாய் என்னுடையது. இப்போது 'வாங்க', 'இருங்க' பழகிவிட்டது.

"இருங்க. பக்கத்துலதான் டீக்கடை. தனியா குடிச்சா எனக்கு இறங்காது. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்."

யோசித்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாதவள் போல, என் பக்கம் வந்து நின்றாள்.

"நல்லாத்தான் உபசரிக்கிறீங்க. உங்க வீட்டுக்காரம்மா குடுத்து வச்சவங்க."

"சொன்னா நம்ப மாட்டா," என்றேன்.