கறார் அத்தை பேசுகிறாள்

வைய வேண்டிய வசவுகளை எல்லோரும் முன்கூட்டியே எழுதி, செல்போனில் தயாராக வைத்திருந்தார்கள். ட்ரெய்லர் வெளியானதும் மொத்தமாகக் கொண்டு போய்க் கொட்ட வேண்டியதுதான் பாக்கி.

"அத்தை வாயைத் திறந்ததும் ஆரம்பிச்சிடணும்," என்றார் குரல்காரர். "குரல் சகிக்கலைன்னு உலகமே காறித் துப்பணும். என்னைத் தூக்கி வெளிய போட்டவன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஓடணும்."

பின்னே, அவருக்கு வயிறு எரியாதா? 'கறார் அத்தை' என்பது பஞ்சும் துணியும் அடைத்த முழ நீளப் பொம்மை. கடைக்காரர், வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சண்டைக்கு இழுக்கும் பொம்மை. டிவியில் அதற்குக் குரல் கொடுத்துத்தான் அவர் பேரும் புகழும் சம்பாதித்தார். தொடர் நின்று வருஷக்கணக்காகி, இப்போது அதையே சினிமாவாக எடுக்கிறார்கள். அதே பொம்மை, அதே கோணல் கொண்டை. குரலுக்கு மட்டும் வேறு ஆளாம்.

யார் அந்த ஆள் என்று எத்தனையோ பேரைப் பிடித்துக் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. தன் சோற்றில் மண்ணைப் போட்ட அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாகக் கறுவிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் படத்தையாவது குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அதற்குத்தான் ரசிகர் சங்கத்தையே வீட்டுக்கு வரவழைத்திருந்தார்.

ரசிகர்கள் சோபாவிலும் தரையிலுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் செல்போன் கடை வைத்திருப்பவர். ஆளுக்கு ரெண்டு போன் கொடுத்து உட்கார வைத்திருந்தார். சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அத்தையின் வசனத்தை ஒப்பிப்பவள், இந்தக் குரலை எங்கே பிடித்தீர்கள் என்று பயபக்தியோடு கேட்டாள். பிடிக்கிறதாவது, பிறவியிலேயே வந்தது என்றார் அவர். எல்லாப் பேட்டியிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போதுமா என்பதைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்டாள். வெளி ஆட்கள் முன்னால் அவள் வாயைத் திறப்பதில்லை. யாராவது என்னவோ ஏதோவென்று பார்த்தால், கூச்ச சுபாவம் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

ட்ரெய்லர் வந்தது. அத்தை ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றுப் புடவையை விரித்தார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுல துணிக்கு எவ்வளவு, உன் சிரிப்புக்கு எவ்வளவு? சிரிப்பைக் கழிச்சிட்டு பில்லைப் போடு."

ஒரு விரலும் அசையவில்லை. சுருட்டைதான் முதலில் குபீரென்று சிரித்தாள். அப்புறம் ஹாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எழுதி வைத்த வசவையெல்லாம் அழித்துவிட்டு, வந்தவர்கள் மளமளவென்று இதயப் படமாகப் போட ஆரம்பித்தார்கள். பாவிகள், குடித்த டீயைக்கூட மறந்துவிட்டார்கள்.

தலைவர் குரல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இது நீங்கதானேண்ணே? எங்களையே ஏமாத்திட்டீங்களே. முன்னைவிட இப்பத்தான் பிரமாதம். பழசுல லேசா ஆம்பளைக் குரல் எட்டிப் பார்க்கும். இதுல அது சுத்தமா இல்ல."

தான் இல்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இது கம்ப்யூட்டர் வேலை, என் குரலைத் திருடிச் செய்திருக்கிறார்கள் என்று கத்தினார். அசல் எது என்று காட்டுகிறேன் பார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே வசனத்தை அங்கேயே பேசியும் காட்டினார். ரசிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களும் நல்லாத்தான் பண்றீங்க சார்," என்றாள் சுருட்டை.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. எல்லோரும் சாட்சி என்று சொல்லிவிட்டு டைரக்டருக்குப் போன் போட்டு, ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். திருடன், துரோகி, கோர்ட்டுக்கு இழுக்காமல் விட மாட்டேன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். டைரக்டர் அவர் மூச்சு வாங்கும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தார்.

"கம்ப்யூட்டரெல்லாம் இல்லைங்க. ஒரு அம்மா அவங்களாவே வந்தாங்க. மிமிக்ரி பண்றீங்களான்னு கேட்டேன். பொறந்ததுலேர்ந்து என் குரலே இதுதான், அந்த பொம்மைதான் என்னை மாதிரி பேசுதுன்னாங்க. அது டிவியில வந்த நாள்லேர்ந்து, இவங்க வாயைத் திறந்தாலே ஊரு சிரிக்குதாம். அவமானம் தாங்காம வெளிய பேசுறதையே விட்டுட்டாங்களாம்."

குரல்காரர் அவசர அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார்.

"உங்களை நாங்க ஒதுக்கலைங்க," என்றார் டைரக்டர். "அந்தம்மா கேட்டது அது ஒண்ணுதான். நீங்க இந்தப் படத்துல இருக்கவே கூடாதுன்னுட்டாங்க."

தலைவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, யாருங்க அந்தம்மா என்று கேட்டார்.

பதில் போனிலிருந்து வரவில்லை. அவர்களுக்குப் பின்னாலிருந்து, அச்சு அசல் கறார் அத்தையின் குரலில் வந்தது.

"நான்தான் தம்பி. என் குரல்ல இனிமே நானே பேசிக்கிறேன்."