இறங்கு வரிசை

“உன்னை வேலையை விட்டுத் தூக்குறது நான் இல்லப்பா, கம்ப்யூட்டர்” என்றார் மேலாளர்.

டெலிவரி வேன் டிரைவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். “பத்து வருஷமா ஒரு பார்சல் தவறவிட்டதில்ல சார். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க.”

“அதுக்கு? ஒருத்தரைக் குறைக்கணும்னு மேலிடத்து உத்தரவு. கஸ்டமருங்க போட்ட மார்க்கை என் கையாலயே அடுக்கினேன். கடைசில இருக்கிறது உன் பேரு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

பக்கத்து மேஜை கிளார்க்குக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

“சார், அடுக்கும்போது ‘பக்கத்துல இருக்கிற பேரையும் சேர்த்து அடுக்கவா’ன்னு ஒண்ணு கேட்டிருக்குமே?”

“கேட்டுது. வேண்டாம்னு தட்டிட்டேன். என்னையே கேள்வி கேக்குது!”

“நல்லா தட்டினீங்க, போங்க. மார்க் மட்டும்தான் இறங்கு வரிசைல வந்திருக்கு. பேரெல்லாம் இருந்த இடத்துலயே அகரவரிசைல உக்காந்திருக்கு. இவர் செஞ்ச ஒரே குத்தம், ‘வ’ல ஆரம்பிக்கிற பேரை வெச்சுக்கிட்டது.”

கிளார்க் மெயிலில் வந்திருந்த பழைய பிரதியைத் திறந்து, பேரையும் மார்க்கையும் சேர்த்து அடுக்கினாள். டிரைவர் விறுவிறுவென்று ஏறி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டார். கடைசியில் இருந்தது மேலாளரின் மச்சான்.

மேலாளர் கனைத்துக்கொண்டார். “வெறும் நம்பரைப் பார்த்து ஒரு மனுஷன் வயித்துல அடிக்கலாமா? யாரையும் குறைக்க முடியாதுன்னு மேலிடத்துக்கு எழுதிடறேன்.”

“அடேயப்பா! இந்த இரக்கம் அஞ்சு நிமிஷம் முன்னாடி எங்க சார் போயிருந்துச்சு?”

“ரொம்பப் பேசாதம்மா. நான் ஒண்ணும் சும்மா வந்து இந்த நாற்காலில உக்காரல. அஞ்சு வருஷம் முன்னாடி உள்தேர்வுல முதல் மார்க் வாங்கி வந்தவன். இதோ நிக்கிறாரே, இவரும்தான் எழுதினார். கடைசி!”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் விறைப்பாக எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு ஃபைலை ஒழுங்காக அடுக்கத் தெரியாத மனுஷன், முதல் மார்க்காம்! அப்படி என்னதான் கிழித்தார் பார்ப்போமென்று கிளார்க் அந்த உள்தேர்வு மார்க் ஃபைலைக் கம்ப்யூட்டரில் தேடித் திறந்தாள்.

தொண்ணூற்றாறு, தொண்ணூறு, எண்பத்தொன்று... மார்க் அழகாக இறங்கிக்கொண்டே போனது. பெயர்களும் ‘அ’வில் ஆரம்பித்து, ‘வ’வில் முடிந்தன.

அடுக்குவதற்கு முந்தைய பிரதி அதே ஃபைலின் அடுத்த ஷீட்டில் அப்படியே இருந்தது. மேலாளர் வாங்கியது முப்பத்தெட்டு. தொண்ணூற்றாறு வாங்கியது டிரைவர்.

அன்றைக்கு அதை அடுக்கி மேலிடத்துக்கு அனுப்பியது வேறு யாருமில்லை, அவளேதான்.

“அக்கா” என்றார் டிரைவர். “இன்னிக்கு நீங்க மட்டும் இல்லன்னா நான் தெருவுலதான் நின்னிருப்பேன். அடுத்தவனுக்கு அநியாயம் நடந்தா வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஆளில்ல நீங்க.”

“அட, இதுல என்னங்க இருக்கு! போய் வண்டியை எடுங்க, நேரமாச்சு” என்றாள், அந்த ஃபைலை அழித்துக்கொண்டே.