லினக்ஸ் உதவிக் குழு

"என்னங்க, கொஞ்சம் இந்த ரூமுக்கு வர்றீங்களா?" மனைவி கூப்பிட்டாள்.

"தலைக்கு மேல வேலை கிடக்கு. சும்மா தொணதொணக்காதே!" என்று எரிந்து விழுந்தார் கணவர்.

கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் சிக்கல் என்றால் கேட்கும் இணைய உதவிக் குழுவில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்று 'மைக்கூடு' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த யாரோ, படம் வரையும் டேப்லெட்டைக் கணினியில் இயக்க டிரைவர் மென்பொருளே கிடைக்கவில்லை என்று புலம்பியிருந்தார்.

"கவலையே படாதீங்க. எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க" என்று தேனொழுக எழுதியவர், தட்ட வேண்டிய கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். பாதியில் பிழை வந்தது. மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். கோபம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் பதில் வந்தது: "இப்ப வரைஞ்சா கோடு விழுது சார்! உங்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை!"

உச்சி குளிர்ந்துபோனது அவருக்கு. "இதுல என்னங்க இருக்கு? வேற ஏதாவது உதவி வேணுமா?"

"ஆமாங்க. எழுந்து இந்த ரூமுக்கு வாங்க. சாப்பாடு ஆறுது."