பச்சை வட்டம்

“உந்தப் பச்சை வட்டம் போட்ட சோடாவை உள்ளை வை, பிள்ளை. ஓடிப்போய்ச் சிவப்பிலை நாலு போத்தல் வாங்கிக்கொண்டு வா!”

பராசக்தி வாசலுக்கும் குசினிக்கும் நடந்தே களைத்துப்போனாள். மகள் கோபிகாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கொடிகாமத்தில் இருந்து வந்துகொண்டிருந்தார்கள். இது ஐந்தாவது சம்பந்தம். சாதகம் பொருந்தி வீடுவரை வருவது இதுதான் முதல் தடவை.

“சிவப்பிலை சீனி கூட, அம்மா. சனம் கொழுத்துப்போறதைக் குறைக்கத்தானே அரசாங்கம் போத்தலுக்கு நிறம் போட்டது? அந்தத் திட்டம் சரிவருகுதோ எண்டு ஆராயிற வேலை செய்யிற நானே சிவப்பைக் குடுக்கிறதோ?”

“உதை உன்ரை கந்தோரிலை போய்க் கதை! சீனியில்லாததைக் குடுத்தா, இந்த வீட்டிலை பரம்பரையாச் சீனி வருத்தம் எண்டு நினைக்க மாட்டினமோ?”

கோபிகா சிரித்தாள். “ஆறு மாதமா முந்நூறு வீடு ஏறி இறங்கிக் கேட்டிட்டன். அந்த வட்டத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை. அறிக்கையிலையும் அப்பிடித்தான் எழுதப்போறன்.”

வாசலில் வான் வந்து நின்றது. மாப்பிள்ளை றஜிந்தனையும் தாய் தகப்பனையும் கோபிகாவின் அப்பா பஞ்சலிங்கம் வாய் நிறைய வரவேற்று இருத்தினார். கோபிகா பச்சை வட்டச் சோடாவோடேயே தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாள். றஜிந்தன் பயற்றம் பணியாரத்தைத் தொடவில்லை. சோடாவை எடுத்து மடமடவென்று குடித்தான்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முகம் பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் தாயோ போத்தலைத் திருப்பி வட்டத்தைப் பார்த்தார். முந்நூறு வீட்டில் அகப்படாத ஆள் வீடு தேடி வந்து இருந்தார்.

“எல்லாருக்கும் உதுதானோ?”

“ஓம் அன்ரி. சீனி இல்லாததாப் பாத்துத்தான் வாங்கினது.”

அவருடைய முகம் கறுத்துவிட்டது. புருஷனின் முழங்கையை இடித்தார். ‘ஒரு அவசர அலுவல்’ என்றார்கள். ஐந்து நிமிடத்தில் வான் போய்விட்டது.

“பாத்தியோடி! நான் தலைபாடா அடிச்சுச் சொன்னனான்!” பராசக்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் றஜிந்தனைக் கோபிகாவுக்குப் பிடித்திருந்தது. அம்மா சொன்னபடி சிவப்பையே வாங்கியிருக்கலாம்.

கைபேசி அடித்தது. கலியாணத் தரகர் தில்லைநாதன். பராசக்தி பாய்ந்து எடுத்தாள்.

“அண்ணை, கந்தசாமியாராணை, எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் சீனி வருத்தம் இல்லை. அவை பிழையா விளங்கிக்கொண்டு…”

“அதை விடு தங்கச்சி. அந்தத் தாய் மனுசி அங்கை அழுது குளறிக்கொண்டு நிக்குது,” தரகர் குரலைத் தாழ்த்தினார். “பொடியன் சீனி வருத்தத்துக்கு ஊசி போடுறது அவைக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்? உங்களுக்கு ஆர் சொன்னது?”