பத்தாவது கட்டில்

என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். "இங்க வர்றவங்கள்ல பத்துப் பேர்ல ஒருத்தருக்கு நுரையீரல் கைவிட்டுடும்," என்றார் டாக்டர்.

யார் சொன்னாலும் நான் சட்டென்று நம்புகிறவன் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாக எண்ணினேன். ஒன்பது கட்டில்தான். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் எண்ணினால் பத்து. சன்னலோரம் ஒன்று புது விரிப்போடு காலியாக இருந்தது.

"அதை வெளியே தள்ளு தாயி," என்றேன் நர்ஸிடம்.

நர்ஸ் சிரித்தாள். "அங்க வெறுந்தரைதான் ஐயா. வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடுங்க."

நான் நகரவில்லை. மத்தியானம் நர்ஸ் பதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "ஐயா, உங்க வீட்டம்மா எங்க?"

நான் சன்னலோரத்தைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட ஓடினாள்.

அந்தக் கட்டிலில் என் மனைவி மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.